ஒன்றரைக் கிலோ

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி மைதானம். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருக்கிற நேரம். நடைப்பயிற்சிக்காரர்கள் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சர்க்கரை அளவு, மாம்பூ, மனை விலை என்று பேச்சு போகிறது. புங்க மரத்தடியில் ஒரு சிமென்ட் திண்டு. அங்கே உட்கார்ந்தால் கிழக்கு மூலை முழுக்கத் தெரியும். குத்துச்சண்டைப் பிள்ளைகள் கூடுவது அந்த மூலையில்தான். நான் யாரிடமும் பேசுவதில்லை. என்ன பார்க்கிறாய் என்று என்னையும் யாரும் கேட்டதில்லை.

ரிங் என்று ஒன்று கிடையாது. நான்கு சவுக்குக் கம்பு, இரண்டு வரிசை நைலான் கயிறு, கீழே செம்மண். வேப்பமரக் கிளையில் ஒரு சாக்கு தொங்குகிறது. உள்ளே இருப்பது மரத்தூளும் பழந்துணியும் என்பது கிழிசல் வழியாகத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு லாரி டயர். கிளவுஸ் நாலைந்து ஜோடிதான். ஒருவன் குத்தி முடித்துக் கழற்றிக் கொடுக்க, அடுத்தவன் அந்த வேர்வை ஈரத்திலேயே கையை நுழைக்கிறான். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள். இரட்டைப் பின்னல் போட்டவள் சாக்கில் விடுகிற குத்துதான் அந்த மூலையிலேயே பெரிய சத்தம். அவளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்றைக்கு என் கண் வேறொருவன் மேல் இருக்கிறது.

பதினேழு வயது இருக்கும். மற்றவர்கள் பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஓடும்போது அவன் மட்டும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறான். ஸ்வெட்டருக்குள்ளே யூரியா மூட்டையின் பிளாஸ்டிக் உறை. கழுத்துக்கு ஒன்றும் கைக்கு இரண்டுமாக ஓட்டை வெட்டி மாட்டியிருக்கிறான். ஓடும்போது சரக் சரக்கென்று கேட்கிறது. வாயில் பபிள்கம். மென்று மென்று, ஊறுகிற எச்சிலையெல்லாம் ஒரு தண்ணீர் பாட்டிலில் துப்பிக்கொண்டே ஓடுகிறான். அரை பாட்டில் நிறைந்திருக்கிறது. முதல் முறை பார்க்கிறவர்களுக்குக் குமட்டும். உடம்பில் உள்ள நீரை எந்த வாசல் வழியாகவாவது வெளியே அனுப்புகிற வேலை அது. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "பையனுக்குக் குளுரு ஜொரமா?" என்று பொதுவாகக் கேட்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை.

மாஸ்டர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நிற்கிற நிற்பும், பச்சைத் துணிப்பையும், நல்ல குத்து விழும்போது வாயில் தானாக வருகிற "ஷாபாஷ்" என்ற சொல்லும் போதும். மூக்கு இடப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கிறது. பேட் இரண்டையும் கையில் மாட்டிக்கொண்டு தலையை அசைக்கிறார். பையன் ஸ்வெட்டரோடே கயிற்றைக் குனிந்து உள்ளே வருகிறான்.

அதுவரைக்கும் தள்ளாடி ஓடியவன் இவனா என்று தோன்றுகிறது. இடது கால் முன்னே. தாடை தோளுக்குள் புதைந்துவிட்டது. இடக்கை ஜாப் போய்த் திரும்புவது கண்ணுக்குத் தெரியவில்லை, பேட்டில் 'டப்' என்று கேட்டபிறகுதான் தெரிகிறது. மாஸ்டர் வலது பேட்டை வீசினால் அவன் பின்னால் போவதில்லை. ஒரு சாண் குனிகிறான், பேட் தலைக்கு மேலே காற்றைத் துழாவிக்கொண்டு போகிறது, நிமிரும்போதே ஹூக் வந்துவிடுகிறது. "கைய எறக்காதடா!" என்கிறார் மாஸ்டர். அவன் கை இறங்கவே இல்லை, இருந்தாலும் சொல்கிறார். மூன்று நிமிஷம் ஒரு ரவுண்டு. முதல் ரவுண்டில் அவன் அத்தனை அழகு. இரண்டாவதில் பாதி போனதும் குதிகால் தரையில் ஊன்ற ஆரம்பிக்கிறது. மூன்றாவதில் ஹூக் வருகிறது, ஆனால் பேட்டுக்கு முன்னாலேயே செத்துவிடுகிறது. உதடு வெளுத்துக் கிடக்கிறது. மாஸ்டரும் பார்க்கிறார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஏழு மணி வாக்கில் விசில். சாலையின் எதிர்ப்பக்கம் தக்காளி மண்டி. மாஸ்டரும் பையனும் அங்கே போகிறார்கள். எனக்கும் டீ குடிக்க வேண்டியிருக்கிறது.

மண்டியில் ஏலம் உச்சத்தில் இருக்கிறது. கிரேடு மேல் கிரேடாகத் தக்காளி. லாரிக்கு ஏற்றுகிறவர்கள் தலையில் சும்மாடு வைத்து ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். மைதானத்தில் எடை மெஷின் இல்லாததால் இந்த மண்டித் தராசுதான் குத்துச்சண்டைக்கும் தராசு. கணக்குப்பிள்ளை கிரேடைக் காலால் நகர்த்திவிட்டு, "ஏறு தம்பி" என்கிறார். பையன் ஸ்வெட்டரைக் கழற்றுகிறான். பிளாஸ்டிக்கை உரித்தபோது உள்ளிருந்து தண்ணீர் கொட்டுகிறது. விலா எலும்பை எண்ணலாம். செருப்பை விட்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுகிறான். மூச்சை இழுத்தால் எடை குறையாது என்று அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

சிவப்பு எழுத்தில் 49.500.

"கிலோ என்னா வெலைக்கு மாஸ்டர்?" என்கிறார் கணக்குப்பிள்ளை. மண்டியே சிரிக்கிறது. பையன் சிரிக்கவில்லை.

"ஒண்ணரை இருக்குது" என்கிறார் மாஸ்டர். "வெசாயக்கெழம வெயிட்டு எடுப்பாங்க. செவ்வா ராத்திரியோட தண்ணிய நிறுத்திட்டா எறங்கிடும். வேர்வ நிக்கக் கூடாது, இன்னக்கி சாயந்தரமும் ஓடு."

48 கிலோ எதற்கு என்பது டீக்கடையில் கிடைத்தது. இன்னொரு பையனின் தகப்பனாருக்கு மாஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தார், நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். 51 கிலோ பிரிவில் கூட்டம். சென்னைப் பையன்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு ஐந்தாறு வருஷப் பழக்கம். 48ல் பேர் கொடுப்பவர்கள் குறைவு. ஒரு சண்டை ஜெயித்தால் அரையிறுதி. குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்குமே வெண்கலம் உண்டு. வெண்கலம் என்றால் சர்டிபிகேட். சர்டிபிகேட் என்றால் கோட்டா.

இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவல்துறைத் தேர்வில் அது 10 சதவீதம். வடசென்னையில் குத்துச்சண்டைக்கு ஒரு வம்சாவளி உண்டு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சொல்லிச் சண்டை நடந்த ஊர் அது. 1980ல் முகமது அலியே வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். 1994ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கி, அர்ஜுனா விருதும் பெற்ற தேவராஜன் சென்னைக்காரர். இங்கே தருமபுரிச் சீமையில் அந்த மாதிரிக் கதை ஏதும் இல்லை. சிலம்பம் உண்டு, எருது விடுவது உண்டு. குத்துச்சண்டை வந்தது லீவில் வந்த பட்டாளத்துக்காரர்கள் மூலமாகத்தான் இருக்க வேண்டும். அது நிலைத்தது கோட்டாவால். இங்குள்ள பையனுக்கு இதில் வீர சாகசம் ஒன்றும் கிடையாது. ஓசூர் கம்பெனிக்கோ பெங்களூர் கட்டட வேலைக்கோ பஸ் ஏறாமல் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

அதனால் மாஸ்டரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த 49.500 என்ற எண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஸ்காட்லாந்துக்காரன் ஒருவனின் நினைப்பு வந்து போகவே இல்லை.

பென்னி லிஞ்ச். 1913ல் பிறந்தவன். கிளாஸ்கோ நகரத்தில் கோர்பல்ஸ் என்ற பகுதி. ஒரே கட்டடத்தில் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்துக் கிடந்த இடம். ஆள் குள்ளம், ஒல்லி. திருவிழாச் சந்தைகளில் கூடாரம் போட்டு, வருகிறவன் போகிறவனோடெல்லாம் காசுக்குக் குத்துவிடும் சண்டைகள் அந்த நாட்டில் உண்டு. அவன் தொழில் படித்தது அங்கேதான். ஃபிளைவெயிட் அவன் பிரிவு. எட்டு ஸ்டோன் என்பார்கள், நம் கணக்கில் 50.8 கிலோ. 1935 செப்டம்பரில் மான்செஸ்டரில் ஜாக்கி பிரவுன் என்ற சாம்பியனை இரண்டே ரவுண்டில் தீர்த்தான். ஸ்காட்லாந்துக்குக் கிடைத்த முதல் உலக சாம்பியன் பட்டம் அது. 1937 ஜனவரியில் லண்டன் வெம்பிளியில் ஸ்மால் மொன்டானா என்ற பிலிப்பைன்ஸ்காரரை ஜெயித்தபின் பட்டத்துக்கு வேறு பங்காளி இல்லாமல் போனது. அதே ஆண்டு அக்டோபரில் கிளாஸ்கோ ஷாஃபீல்ட் மைதானத்தில் பீட்டர் கேனை 13வது ரவுண்டில் சாய்த்தான். விளையாட்டு தெரிந்தவர்கள் இன்றைக்கும் தூக்கிவைத்துப் பேசுகிற சண்டை.

அடுத்த ஜூன் மாதம். பெய்ஸ்லி என்ற ஊர். எதிராளி அமெரிக்காவின் ஜாக்கி ஜூரிச். எடை போடும்போது லிஞ்ச் ஆறரை பவுண்டு கூடுதல். ஏறக்குறைய மூன்று கிலோ. பட்டம் தராசிலேயே போயிற்று. சண்டை மட்டும் நடந்தது. 12வது ரவுண்டில் லிஞ்ச் எதிராளியை விழுத்தாட்டினான். ஜெயித்தவன் சாம்பியன் இல்லை. அந்த அக்டோபரில் ருமேனியாவின் ஆரல் டோமாவிடம் ஐந்தாவது ரவுண்டில் நாக்அவுட் ஆனான். அதுவரை யாரும் அவனை அப்படிப் படுக்கவைத்ததில்லை. அதோடு ரிங் முடிந்தது. வயது 25. பிறகு ஊர் பார்த்தது ஒரு குடிகாரனைத்தான். 1946 ஆகஸ்டில், 33 வயதில் இறந்தான். உலக சாம்பியனாக இருந்தவனின் சாவுக்குச் சொன்ன காரணங்களில் ஊட்டச்சத்துக் குறைவும் ஒன்று.

லிஞ்சைக் குடி கெடுத்தது என்று எழுதி முடிப்பது வழக்கம். குடி கெடுத்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பசியில் வளர்ந்த உடம்பு 50 கிலோவில் நிற்கும், அது அதன் இயல்பு. கையில் காசு வந்து, மேஜையில் கறி வந்து, வயதும் ஏறும்போது அதே உடம்பு நிற்காது. ஃபிளைவெயிட் சாம்பியன்களின் ஊர்களைப் பாருங்கள். வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜிம்மி வைல்ட், கோர்பல்ஸ் லிஞ்ச், பிலிப்பைன்ஸிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வரிசையாக வந்தவர்கள். வறுமை கொடுத்த ஒரே சொத்து அந்தக் குறைந்த எடை. அதை வைத்துத்தான் மேலே வருகிறார்கள். வந்ததும் அந்தச் சொத்து கரைந்துபோகிறது. அப்போது பழைய எண்ணையே பிடித்துத் தொங்கினால் தராசு ஒருநாள் காட்டிக்கொடுக்கும்.

தொங்காமல் விட்டவரும் இருக்கிறார். மேனி பாக்கியாவ். பையனாகத் தொழில்முறைச் சண்டைக்கு வந்தபோது எடை பற்றாமல் சட்டைப்பையில் கனத்தைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறியவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1998 டிசம்பரில் ஃபிளைவெயிட் உலகப் பட்டம். அடுத்த செப்டம்பரில் தாய்லாந்தில் எடை கூடிப் பட்டத்தைத் தராசில் இழந்தார், அன்றைய சண்டையிலும் மூன்றாவது ரவுண்டில் விழுந்தார். கதை அதுவரை லிஞ்ச் கதைதான். ஆனால் அவர் பட்டினி கிடந்து பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பத்துப் பவுண்டு மேலே இருந்த பிரிவுக்கு ஏறினார். 2001ல் லாஸ் வேகாஸில் அங்கேயும் பட்டம். அப்படியே ஏறி ஏறி எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வாங்கிய ஒரே மனிதர் ஆனார். நல்ல சோறு அவருக்கு எதிரியாக இல்லை.

நம் ஊரில் இதெல்லாம் சாதனைக் கதையாகத்தான் பரவுகிறது. 2018ல் போலந்தில் மேரி கோம் நான்கு மணி நேரத்தில் இரண்டு கிலோ இறக்கி, 48 கிலோவில் ஏறித் தங்கம் வாங்கினார். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஸ்கிப்பிங் ஆடினாராம். மாஸ்டர் இந்தக் கதையைப் பையன்களுக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகட் இறுதிப்போட்டி நாளின் காலையில் 100 கிராமில் எல்லாவற்றையும் இழந்ததும் எல்லோருக்கும் தெரியும். 53 கிலோவில் மல்யுத்தம் ஆடியவர் 50க்கு இறங்கியிருந்தார். ராத்திரி முழுக்க ஓடியும், முடியை வெட்டியும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. நாடே அழுதது. அந்த 100 கிராமுக்காகத்தான் அழுதோம், 53லிருந்து 50க்கு இறங்க வேண்டியிருந்ததே, அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அமெரிக்காவில் 1997 கடைசியில் கல்லூரி மல்யுத்த மாணவர்கள் மூன்று பேர் அடுத்தடுத்துச் செத்தார்கள். ரப்பர் உடுப்பு மாட்டி வேர்வை இறக்கிய பிள்ளைகள் அவர்கள். அதற்குப் பிறகு அங்கே அந்த உடுப்பையே தடை செய்தார்கள். யூரியா உறைக்கு யார் தடை போடுவது?

மண்டிக்குத் திரும்புவோம். பையனின் அம்மா வந்திருக்கிறாள். சாமந்தி பறித்துவிட்டு அப்படியே வந்தவள் போல, முந்தானையில் மஞ்சள் இதழ் ஒட்டியிருக்கிறது. கையில் தூக்குச்சட்டி. அப்பா இந்த மண்டியிலேயே மூட்டை தூக்குகிறவர் என்பது அவள் குரல் கொடுத்த பிறகுதான் தெரிகிறது. தலையில் கிரேடோடு ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, நிற்காமல் லாரிக்குப் போகிறார். மகன் தராசில் ஏறியபோதும் அவர் இங்கேதான் இருந்திருக்கிறார். கணக்குப்பிள்ளை விலை கேட்டதும் அவர் காதில் விழுந்திருக்கும்.

சட்டியைத் திறக்கிறாள். கேழ்வரகுக் களி, மேலே குழி செய்து கீரைக் கடைசல். ஆவி பறக்கிறது. பையன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

"ஒரே ஒரு உருண்ட, சாமி."

"வேணாம்மா. வெயிட்டு இருக்குது."

"ராத்திரியிலருந்து ஒண்ணுமே துன்னல சார்" என்று மாஸ்டரைப் பார்க்கிறாள். குரலில் சண்டை இல்லை, புகார் மாதிரியும் இல்லை. "இவன் கைப்புள்ளயா இருக்கறப்ப பால்வாடியில மாசாமாசம் தராசுல போட்டு, எட பத்தல எட பத்தலன்னு சத்துமாவு குடுத்தாங்க. சிகப்புக் கோட்டுக்குக் கீழயே இருந்தான். எங்கூட்டுப் புள்ளயப் போயி எட ஜாஸ்தின்னு சொல்றீங்களே."

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. சாய்ந்த மூக்கைப் புறங்கையால் தேய்த்துக்கொள்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு நாளும்மா. வெயிட்டு எடுத்ததும் நானே பிரியாணி வாங்கித் தர்றன்" என்கிறார். பட்டாளத்தில் அவருக்கும் யாரோ இப்படிச் சொல்லியிருப்பார்கள். பையன் சட்டியிலிருந்த கடைசலில் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். பிறகு பிளாஸ்டிக்கை மறுபடி மாட்டிக்கொள்கிறான்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. பேசவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவன் ஒரு குடும்பத்துக்கும் ஒரு மாஸ்டருக்கும் நடுவில் புகுந்து என்ன சொல்வது என்ற தயக்கம்தான். இங்கே எழுதுகிறேன், மாஸ்டர் கண்ணில் பட்டாலும் படும்.

வேர்வையிலும் எச்சிலிலும் இறங்குகிற ஒன்றரைக் கிலோ கொழுப்பு இல்லை மாஸ்டர், அவனிடம் கொழுப்பு ஏது? இறங்குவது தண்ணீர். தண்ணீர் வற்றிய உடம்போடு ரிங்கில் ஏறுகிறவன் மூன்றாவது ரவுண்டில் எப்படி இருப்பான் என்று இன்று காலை உங்கள் பேட்டிலேயே பார்த்தீர்கள். தலையில் விழுகிற குத்தையும் அந்த உடம்புதான் தாங்க வேண்டும். அவன் வளர்கிற வயதில் இருக்கிறான். இந்த வருஷம் 48க்கு இறக்கினாலும் அடுத்த வருஷம் இறங்காது. அப்போது 51க்குப் போனால் அங்கேயும் புதியவனாகத்தான் நிற்பான், ஒரு வருஷப் பழக்கமும் வீணாகியிருக்கும். இப்போதே போகட்டும். சென்னைப் பையனிடம் முதல் சண்டையிலேயே தோற்கட்டும். அந்த ஜாபும் அந்தக் குனிதலும் உள்ளவன் எத்தனை நாளைக்குத் தோற்பான்?

மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி மூலைகளில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு ரிங் பிறகு கொடுக்கலாம். முதலில் தினம் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுங்கள். மைதானத்துக்கு ஒரு எடை மெஷின் வாங்கிப் போடுங்கள், தக்காளித் தராசில் பிள்ளைகள் ஏற வேண்டாம். எடை எடுக்கிற நாளுக்கு முந்தின வாரம் ஒரு மருத்துவர் வந்து, இந்தப் பிள்ளை இந்தப் பிரிவில் ஆடலாமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. பேரை 51க்கு மாற்றிக் கொடுங்கள், மாஸ்டர்.